மகளின் பாடத்தெரிவில் நான் விட்ட பிழைகள்

சென்ற மாதம் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு தாய் பிளாஸ்டிக் உறை ஒன்றில் கடதாசிகளைச் சுற்றிக்கொண்டு படலையைத் திறந்து வந்தார். மகனுக்குப் பல்கலைக்கழகம் கிடைத்திருக்கிறது. "அண்ணை, நீங்கள் ஒருமுறை இதற்குள்ளால் போய் வந்தவர். எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள்" என்றார். ஒரு மணித்தியாலம் சொன்னேன். தேநீர் ஆறிப்போனதுகூட இருவருக்கும் தெரியவில்லை. அவர் போன பிறகுதான் யோசித்தேன், நான் சொன்னதில் பாதிக்கு மேல் எந்தக் கைநூலிலும் இல்லை. எனக்கு அந்த நேரத்தில் சொல்ல ஆள் இருக்கவில்லை. சொன்னவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், தெரிந்து சொன்னவர்கள் இல்லை. ஆகவே என் பிழைகளையும் செலவையும் மறைக்காமல் எழுதி வைக்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்து நீர்வேலிக்காரன். கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் குடும்பத்தில் என் மகளுக்கு முன் பல்கலைக்கழக வாசலை மிதித்தவர் யாருமில்லை. நான் மிதித்திருக்க வேண்டியவன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு யுத்தத்துக்குப் பயந்து வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் நடந்தபோது நான் உயர்தர மாணவன். கொப்பிகள் வீட்டு லாச்சிக்குள் கிடந்தன, வீடு பிறகு இருக்கவில்லை. திரும்பி வந்தபோது படிப்பைவிட உழைப்பு அவசரமாக இருந்தது. இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. மகளின் படிவத்தை நிரப்பியபோது பேனையைப் பிடித்திருந்தது யார் என்று பின்னால் யோசித்துப் பார்த்தேன். பாதிக்குப் பாதி, அந்தப் பழைய உயர்தர மாணவன்தான்.

மகள் தோற்றியது 2022ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை. பெயர்தான் 2022, பரீட்சை நடந்தது 2023 ஜனவரியிலும் பெப்ரவரியிலும். பெறுபேறு செப்டெம்பரில் வந்தது. கலைப்பிரிவு: புவியியலுக்கு ஏ, தமிழுக்கும் அரசியல் விஞ்ஞானத்துக்கும் பீ. வீட்டில் பாயசம் காய்ச்சினோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்கும் காலம் வந்ததும் நான் அவளையும் கூட்டிக்கொண்டு, அவள் படித்த ரியூசன் ஆசிரியர் ஒருவரிடம் போனேன். என் முதலாவது பிழை அங்கே தொடங்கியது.

விண்ணப்பத்தில், படிக்க விரும்பும் பாடநெறியையும் பல்கலைக்கழகத்தையும் விருப்ப ஒழுங்கில் போடவேண்டும். ஒரே கலைப் பாடநெறி என்றாலும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் வெவ்வேறு குறியீடு உண்டு. ஆசிரியர் சொன்னார்: "யாழ்ப்பாணம் எப்படியும் கிடைக்கும். அதைக் கீழே போடுங்கள். வெளியே உள்ள இரண்டை மேலே போடுங்கள், கிடைத்தால் லாபம்." எனக்கு அது நல்ல வியாபாரமாகப் பட்டது. மேலே உள்ளது கிடைத்தால், "இது வேண்டுமா, யாழ்ப்பாணம் வேண்டுமா" என்று கடிதம் போட்டுக் கேட்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். சிரிக்காதீர்கள். அப்படி நினைத்த தகப்பன்மார் இன்னும் மூன்று பேரைப் பிறகு சந்தித்தேன். உண்மையில் நடப்பது இதுதான். பிள்ளையின் இசட் புள்ளியை, அதாவது வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடத்தக்கதாகச் சமப்படுத்திக் கணித்த புள்ளியை, வைத்துக்கொண்டு பட்டியலின் மேலிருந்து கீழே பார்த்து வருவார்கள். புள்ளி போதுமான முதலாவது இடத்தில் பிள்ளையின் பெயர் விழும். அதற்குக் கீழே நீங்கள் எழுதியதைப் பிறகு பார்க்க மாட்டார்கள். மகளுக்கு இரண்டாவது விருப்பம் கிடைத்தது. யாழ்ப்பாணம் மூன்றாவதாக இருந்தது.

திருநெல்வேலியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் எங்கள் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். 1974இல் பரமேஸ்வராக் கல்லூரி வளவில் வளாகமாகத் தொடங்கி 1979இல் தனிப் பல்கலைக்கழகமானது. எங்கள் ஊர்ப் பழையவர்கள் இன்றும் அதைக் 'கம்பஸ்' என்றுதான் சொல்வார்கள். சந்தைக்குப் போகும்போதெல்லாம் அந்த மதிலோரமாகத்தான் போகிறேன். அதைக் கீழே தள்ளிவிட்டு, இரவு பஸ் ஏறினால் விடியத்தான் இறங்கக்கூடிய ஊர் ஒன்றை மேலே போட்டேன். அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. குறை அவர்களுடையதைவிட என்னுடையது. நீங்கள் விண்ணப்பிக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். பிள்ளை உண்மையாகவே போய் இருந்து படிக்கத் தயாரில்லாத எதையும், தயாராக உள்ளதற்கு மேலே எழுதாதீர்கள். எது கிடைக்கும் என்ற ஊகத்தில் ஒழுங்குபடுத்தத் தேவையில்லை. விரும்பியதை மேலே போட்டால், அது கிடைக்காதபோது அடுத்ததற்குத் தானாகவே வருவார்கள். மேலே போட்டது கிடைக்காமல் போனாலும், அதனால் கீழே உள்ளதற்கான வாய்ப்புக் குறையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மருத்துவம், பொறியியல் போன்றவற்றுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்கள் என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் யாழ்ப்பாணமும் உண்டு. பக்கத்து வீட்டு விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளையின் கதையை வைத்துக்கொண்டு உங்கள் கலைப்பிரிவுப் பிள்ளையின் வாய்ப்பைக் கணக்குப் பார்க்காதீர்கள், அந்தக் கணக்கு இங்கே அப்படியே பொருந்தாது.

தெரிவானதாக அறிவித்தல் வந்ததும் இணையத்தில் பதிவை உறுதிசெய்ய ஒரு கடைசித் திகதி கொடுப்பார்கள். தவறவிட்டால் இடம் போய்விடும். அதில் நான் பிழைவிடவில்லை, ஏனென்றால் மகளே செய்துவிட்டாள். நான் செய்த வேலை, சந்தியில் இருக்கும் தொடர்பாடல் நிலையத்தில் அதையே மறுபடி பார்ப்பதற்குக் காசு கொடுத்ததுதான்.

கடதாசிகள்தான் என்னை வாட்டின. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், பெறுபேற்றுத் தாள், மருத்துவ அறிக்கை, புகைப்படங்கள் என்று பட்டியல் நீண்டது. பிறப்புச் சான்றிதழ் தமிழில், படிவங்கள் ஆங்கிலத்தில். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் எடுத்தேன். எடுத்த பிறகுதான் பார்த்தோம், என் பெயரின் ஆங்கில எழுத்துகள் மொழிபெயர்ப்பில் ஒருவிதமாகவும் என் அடையாள அட்டையில் வேறுவிதமாகவும் இருந்தன. ஒரேயொரு எழுத்துத்தான் வித்தியாசம். அதற்குச் சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்தேன். பிறகு மொழிபெயர்ப்பையும் திருத்தி எடுத்தேன். இரண்டு நாள் லீவு போயிற்று. மொழிபெயர்ப்பாளரிடம் போகும்போது பிள்ளையின் அடையாள அட்டையையும் உங்களுடையதையும் கையில் கொண்டுபோங்கள். "இதில் உள்ளபடியே எழுத்துகளைப் போடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் இந்த அலைச்சல் இல்லை. வருமானச் சான்றிதழை முதலில் கிராம அலுவலரிடம் எடுத்து, பிறகு பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்த வேண்டும். மகாபொல புலமைப்பரிசில், நிதியுதவி இரண்டுக்கும் அது தேவைப்படும். அப்போது மகாபொல மாதம் 5,000 ரூபாய். விடுதிப் பிள்ளை ஒன்றுக்கு அது சாப்பாட்டுக்கே காணாது, ஆனாலும் அது அவளுடைய காசு, என்னிடம் கேட்டு வாங்கும் காசில்லை. அந்த வித்தியாசம் பெரிது. கிராம அலுவலர் எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போங்கள், நான் கேட்காமல் இரண்டு தரம் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அடுத்த பிழை தங்குமிடம். பிள்ளை எங்கே படுப்பாள் என்ற பயத்தில், போவதற்கு முன்பே தெரிந்த ஒருவர் மூலம் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை பேசி, மாதம் 12,000 ரூபாய்ப்படி மூன்று மாத வாடகை 36,000 ரூபாயை வங்கியில் போட்டுவிட்டேன். அங்கே போன பிறகுதான் தெரிந்தது, தூர மாவட்டங்களிலிருந்து வரும் முதலாம் வருடப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக விடுதியில் முன்னுரிமை உண்டு. பதிவின்போது தந்த கடதாசிகளுக்குள்ளேயே விடுதி விண்ணப்பமும் இருந்தது. இரண்டு கிழமைக்குள் மகளுக்கு விடுதி கிடைத்தது. அறைச் சொந்தக்காரர் ஒரு மாதக் காசைத் திருப்பித் தந்தார். 24,000 ரூபாய் போனது போனதுதான். அவரிலும் குறை சொல்ல முடியாது, மூன்று மாதம் என்று வாயால் சொன்னது நான்தானே. முன்கூட்டியே காசு கட்டுவதாக இருந்தால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள், விடுதி கிடைத்தால் என்ன செய்வது என்பதையும் அப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பதிவு முடிந்த அடுத்த நாள் பீடத்தில் புதிய மாணவர்களுக்கு விளக்கக் கூட்டம். பெற்றோரைக் காலையில் ஒரு மண்டபத்தில் இருத்தி வரவேற்புரை சொன்னார்கள். பகிடிவதை பற்றியும் சொன்னார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம் என்றதும், பக்கத்தில் இருந்த தாய் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பதினொரு மணிக்கு எங்களைப் போகச் சொல்லிவிட்டார்கள். பாடத்தெரிவு பற்றிய விளக்கம் பிள்ளைகளுக்கு மட்டும், பின்னேரம். எனக்கு அது அவமரியாதையாகப் பட்டது. காசு கட்டுவது நான், இரவு முழுக்க பஸ்ஸில் வந்தது நான், என்னை வெளியே அனுப்பிவிட்டு என் பிள்ளைக்கு மட்டும் என்ன சொல்கிறார்கள் என்று மனதுக்குள் பொருமினேன்.

மகள் லொட்ஜுக்கு வரும்போது ஐந்தரை மணி. கையில் ஒரு சிறிய கைநூல், ஓர் இளமஞ்சள் படிவம். மூன்று பாடங்கள் எழுத வேண்டும். பாடங்களை மூன்று தொகுதியாகப் பிரித்திருந்தார்கள், ஒரு தொகுதிக்குள் ஒரு பாடம்தான் எடுக்கலாம், ஏனென்றால் அந்தத் தொகுதியில் உள்ளவற்றுக்கெல்லாம் ஒரே நேரத்தில் விரிவுரை. அடுத்த நாள் பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும். முதலாவது பெட்டிக்குள் அவள் ஏற்கனவே பென்சிலால் 'புவியியல்' என்று எழுதி வைத்திருந்தாள்.

நான் உடனே மச்சானுக்கு அழைப்பு எடுத்தேன். என் மனைவியின் தமையன், ஓய்வுபெற்ற உப அதிபர், எங்கள் வீட்டில் படிப்பு விடயத்தில் கடைசிச் சொல் அவருடையது. அவர் ஒரு மூச்சில் சொன்னார்: "புவியியலை விடுங்கள். வரலாற்றைப் போடுங்கள். சாதாரணதரத்தில் வரலாறு கட்டாய பாடம், ஆசிரியருக்கு எந்தக் காலத்திலும் இடம் இருக்கும். தமிழும் அரசியல் விஞ்ஞானமும் அவள் படித்ததுதானே." வரலாறும் புவியியலும் ஒரே தொகுதிக்குள் இருந்தன. ஒன்றை எடுத்தால் மற்றது இல்லை. மகள் கட்டிலின் ஓரத்தில் இருந்துகொண்டு மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். புவியியலில் செய்மதிப் படங்களை வைத்துக் கணினியில் வரைபடம் செய்யப் படிப்பிக்கிறார்கள், அதைப் படித்தவர்கள் அனர்த்த முகாமைத்துவத்துக்கும் திட்டமிடல் பகுதிகளுக்கும் போகிறார்கள், இன்றைக்கு ஒரு விரிவுரையாளர் காட்டினார் என்றாள். நான் கேட்டேன், ஆனால் காதால் மட்டும். "மாமா முப்பது வருடம் படிப்பித்தவர்" என்றேன். அவள் பிறகு ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து அழிறப்பரை எடுத்து அழித்தாள். அந்தத் தாள் மெல்லியது, அவள் அழுத்தி எழுதும் பிள்ளை. மேசை விளக்கின் கீழே, நீலப் பேனையால் எழுதிய 'வரலாறு' என்ற சொல்லுக்கு அடியில் 'புவியியல்' பள்ளமாகத் தெரிந்தது. கடைசி 'ல்' பெட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நான் கையொப்பமிடும் இடத்தைத் தேடினேன். பெற்றோர் கையொப்பத்துக்கு அதில் இடமே இருக்கவில்லை.

அந்த இடத்திலாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். பாடசாலையில் எல்லாவற்றுக்கும் தகப்பனின் கையொப்பம் வேண்டும். இங்கே பிள்ளை பதினெட்டைத் தாண்டிய ஆள், பல்கலைக்கழகம் அவளோடு மட்டும்தான் பேசும்.

நான் ஊருக்குத் திரும்பிப் பத்தாம் நாள் இரவு அவள் அழைத்தாள். "அப்பா, வரலாற்று வகுப்பில் எனக்கு மனம் நிற்கவில்லை. பாடம் மாற்றலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்." நான் சொன்னது: "பழகப் பழகச் சரிவரும் பிள்ளை. பத்து நாளில் என்ன தெரியும்?" அவள் "சரி அப்பா" என்றாள். அந்த 'சரி அப்பா'வை எல்லாத் தகப்பன்மாரும் கீழ்ப்படிவு என்று எடுத்துக்கொள்கிறோம். ஒரு கிழமைக்குப் பிறகு மனைவி சமையலறையிலிருந்தே சொன்னார்: "பிள்ளை என்னோடு கதைக்கும்போது அழுகிறாள். உங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்கிறாள்." அன்றைக்குத்தான் அந்தக் கைநூலைத் தேடினேன். அதன் பிரதியொன்று என் பயணப் பையின் பக்க அறையிலேயே கிடந்தது, லொட்ஜ் பற்றுச்சீட்டோடு. பதினோராம் பக்கத்தில் இருந்தது: விரிவுரை தொடங்கி இரண்டு வாரங்களுக்குள் பாடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். அவள் அழைத்த அன்று நான்கு நாள் மிச்சம் இருந்திருக்கிறது. நான் வாசித்தபோது மூன்று நாள் பிந்தியிருந்தது.

கணக்கு எழுதுபவன் நான். சங்கத்துக்கு வரும் சுற்றறிக்கை ஒவ்வொன்றையும் சிவப்புப் பேனையால் கோடிட்டு வாசிப்பவன். என் பிள்ளையின் நான்கு வருடத்தைத் தீர்மானிக்கும் புத்தகத்தை, அது அவளுக்குத் தந்தது என்று வாசிக்காமலே விட்டுவிட்டேன். அவளுக்குத் தந்ததென்றால் அவள் சொன்னதையாவது கேட்டிருக்க வேண்டும்.

இரண்டு தரம் இரவு பஸ் ஏறினேன். முதல் தரம், பீடாதிபதிக்கு நானே கடிதம் எழுதிக்கொண்டு போனேன், சங்கத்துத் தட்டச்சுக்காரரிடம் கொடுத்து அழகாக அடித்து. ஒரு கௌண்டரில் இன்னொரு கௌண்டரைக் காட்டினார்கள். அங்கே போனால் மதிய இடைவேளை. இரண்டு மணிக்கு வந்தவர் கடிதத்தை வாசித்துவிட்டு, "இதை மாணவி எழுத வேண்டும், துறைத்தலைவர் இரண்டு பேரும் சிபாரிசு செய்ய வேண்டும்" என்று திருப்பித் தந்தார். ஒரு நாள் முழுதும் அதற்கே போனது. மகள் வேறு கடிதம் எழுதினாள். வரலாற்றுத் துறைத்தலைவர் தயங்காமல் விட்டார். புவியியல் பக்கம் செய்முறை வகுப்புக்குரிய இடங்கள் நிரம்பிவிட்டன என்றார்கள். இரண்டாம் தரம் போனது பதிலைக் கேட்க, கிடைத்த பதில் 'இல்லை' என்பதுதான். நடைபாதையில் கண்ட ஒரு விரிவுரையாளர் மட்டும் நின்று பேசினார். அவர் கேட்டார்: "இந்தப் பாடத்தை எடுக்காவிட்டால் பிறகு எது எதை எடுக்க முடியாது என்று கேட்டீர்களா?" நான் யாரிடமும் அதைக் கேட்கவில்லை. எது நல்லது, எது இலகு, எதற்கு வேலை என்றுதான் எல்லோரிடமும் கேட்டேன்.

அவர் விளக்கியதை அப்படியே தருகிறேன், ஏனென்றால் இதைத்தான் யாராவது எனக்கு முன்னமே சொல்லியிருக்க வேண்டும். மூன்று வருடப் பொதுப் பட்டம் ஒன்று, நான்கு வருடச் சிறப்புப் பட்டம் ஒன்று. சிறப்புக்குப் போக, அந்தப் பாடத்தை முதலாம் வருடத்திலேயே எடுத்திருக்க வேண்டும், கேட்கும் தரத்துக்குக் குறையாமலும் எடுத்திருக்க வேண்டும். முதலாம் வருடத்தில் விட்ட பாடத்தை இரண்டாம் வருடத்தில் தொட முடியாது. முதல் வருடம் பழகுவதற்குத்தானே என்று பிள்ளைகள் மெத்தனமாக இருப்பார்கள், ஆனால் சிறப்புக்குத் தெரிவு நடப்பது அந்த வருடப் பெறுபேற்றை வைத்துத்தான். ஓர் அலகு என்றால் சுமார் பதினைந்து மணித்தியால விரிவுரை, வருடத்துக்கு முப்பது அலகு வரும். பாடத்தின் பெயர் சிறிதாக இருந்தாலும் பக்கத்தில் உள்ள அலகு எண்ணைப் பார்க்க வேண்டும், மூன்று அலகுப் பாடம் ஒன்று சறுக்கினால் ஓர் அலகுப் பாடம் மூன்று சறுக்கியதற்குச் சமம். புள்ளிச் சராசரி 3.70க்குக் குறையாமல் இருந்தால் முதலாம் வகுப்பு, 3.30 இரண்டாம் வகுப்பு மேல்நிலை, 3.00 இரண்டாம் வகுப்புக் கீழ்நிலை. வரவு 80 வீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை எழுத விடமாட்டார்கள், ஊரில் கோயில் திருவிழா, மச்சாளின் கலியாணம் என்று பிள்ளையை அடிக்கடி கூப்பிடும் தாய்மார் இதைக் கொஞ்சம் மனதில் வைக்க வேண்டும். ஆங்கிலம் புள்ளிச் சராசரியில் சேராது என்று மகளின் பீடத்தில் பிள்ளைகள் அதை வெட்டுவார்களாம், ஆனால் சித்தியடையாமல் பட்டம் கையில் வராது.

கனடாவில் இருக்கும் என் தங்கையின் மகன் இரண்டு தரம் படிப்பை மாற்றிவிட்டான். தங்கை அதைத் தொலைபேசியில் சாதாரணமாகச் சொன்னாள். அங்கே ஆறுதலாக மாற்றலாம் போலிருக்கிறது, அதற்குரிய காசையும் அவர்களே கட்டுகிறார்கள். இங்கே படிப்பு இலவசம், ஆனால் கதவு ஒருமுறைதான் திறக்கும். பரீட்சை எழுதியதிலிருந்து விரிவுரை தொடங்கும்வரை ஒரு வருடத்துக்கு மேல் பிள்ளை வீட்டில் சும்மா இருக்கிறாள். அந்த ஒரு வருடத்தில் ஒரு நாளாவது பீடத்தின் இணையத்தளத்தைத் திறந்து, என்ன பாடங்கள், எது எதோடு வரும் என்று பார்த்திருக்கலாம். அதே பீடத்தில் இரண்டாம், மூன்றாம் வருடம் படிக்கும் எங்கள் பக்கத்துப் பிள்ளை ஒன்றைத் தேடிப் பிடித்து ஒரு மணித்தியாலம் பேசியிருக்கலாம். அப்படி ஒருத்தி உரும்பிராயில் இருந்தாள், நான் அறிந்தது எல்லாம் முடிந்த பிறகு. நாங்கள் அந்த ஒரு வருடத்தில் மகளை ஆங்கில வகுப்புக்கும் தையல் வகுப்புக்கும் அனுப்பினோம். எல்லாவற்றையும் ஒரு லொட்ஜ் அறையில் ஓர் இரவுக்குள் தீர்மானித்தோம்.

செலவையும் சொல்கிறேன், கணக்குக் கொப்பியில் இருக்கிறது. தொடர்பாடல் நிலையம், போட்டோக் கொப்பி 3,100. மொழிபெயர்ப்பும் சத்தியக் கடதாசியும் 4,500. முதற் பயணத்தில் போக இரண்டு பேருக்கும் வர எனக்குமாக பஸ் 5,700, லொட்ஜ் மூன்று இரவுக்கு 13,500, சாப்பாடு 6,200. அறை வாடகையில் போனது 24,000. பாடமாற்றத்துக்குப் போன இரண்டு பயணமும் 11,000. மொத்தம் 68,000 ரூபாய். இதில் அறை வாடகையும் பின்னைய இரண்டு பயணங்களும் முற்றிலும் வீண். லொட்ஜில் ஓர் இரவு போதும், மற்ற இரண்டு இரவும் நான் தங்கியது படிவத்தை மேற்பார்வை பார்க்கத்தான். அந்த 9,000ஐயும் சேர்த்தால் 44,000. சங்கத்துக் கணக்கில் இப்படி ஒரு தொகை போயிருந்தால் என்னை விசாரித்திருப்பார்கள்.

மச்சானிடம் இதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவர் தெரிந்ததைச் சொன்னார். அவர் பயிற்சிக் கலாசாலைக்குப் போனவர், பல்கலைக்கழகப் பாடத்தெரிவு அவருக்கும் புதிது, அதை நானும் யோசிக்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிள்ளைக்கு யோசனை சொல்ல வருபவரிடம், "நீங்கள் இந்தப் படிவத்தை எப்போது நிரப்பினீர்கள்?" என்று கேட்பது எங்கள் ஊரில் மரியாதைக் குறைவு. இப்போது நான் கேட்கிறேன்.

வரலாறு பிறகு அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது என்று எழுதினால் கதை அழகாக முடியும். அப்படி நடக்கவில்லை. அதில் ஒரு சீ எடுத்தாள். அரசியல் விஞ்ஞானத்தில் இரண்டு ஏ எடுத்தாள், தமிழ் பரவாயில்லை. புவியியல் பற்றி அவள் வீட்டில் பேசுவதில்லை, நானும் எடுப்பதில்லை. ஒருமுறை லீவில் வந்தபோது தம்பியின் நில அளவைப் படத்தைப் பார்த்து, சமவுயரக் கோடுகளை விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் முற்றத்துக்குப் போய்விட்டேன்.

முதலாம் வருடப் பெறுபேறு வந்த கிழமை, நான் சங்கக் களஞ்சியத்தில் சீனி மூட்டை எண்ணிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. "அப்பா, அரசியல் விஞ்ஞானம் சிறப்புக்குப் போடுகிறேன். இந்த அரையாண்டில் என்ன பாடங்கள் என்றும் பார்த்துவிட்டேன்." ஏன், எதற்கு, அதற்கு என்ன வேலை என்ற கேள்விகள் வாய்வரை வந்தன. பக்கத்தில் நின்ற பொடியன் எண்ணிக்கையைத் தவறவிட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கடைசித் திகதி எப்போது பிள்ளை?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை. நேற்றே கொடுத்துவிட்டேன் அப்பா."

மூட்டைகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினோம்.